மாப்பிள்ளை ஓட்டிய கார்

"எல்லாம் மாப்ள பண்ணுன வேலை, தம்பி. மூணாறு போறேன்னு ரெண்டு நாள் வாங்கிட்டுப் போனாரு. அதுலிருந்து வண்டி தொட்டிலாட்டம் ஆடுது" என்றார் குப்பண்ணன்.

வாளையார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நவீன்குமார் அந்தப் பழைய காரின் பின்பக்கத்தை அமுக்கி விட்டான். நாலு முறை குதித்துத்தான் நின்றது.

"பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் போயிருச்சுங்ணா. மலை ரோட்டுல ஓட்டுனா முன்னாடியும் சேந்து போயிருக்கோணும். இது லோடு ஏத்துனதுங்க."

"லோடா? இதென்ன லாரியா? நானும் அவளும் வாராவாரம் கோயமுத்தூருக்குப் பொண்ணு ஊட்டுக்குப் போறதோட சரி. மாப்ளதான் என்னத்தையோ ஏத்தியிருக்கோணும்!"

புது ஷாக் மாட்டி முடித்த நேரத்தில், குப்பண்ணனின் மனைவி மருதாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இப்படியே பொண்ணு ஊட்டுக்குக் கெளம்பிரலாமுங்க."

இரண்டு மூட்டை அரிசி, அறுபது தேங்காய், ஒரு வாழைத்தார் எல்லாம் ஆட்டோவிலிருந்து கார் டிக்கிக்கு மாறின. காரின் பின்பக்கம் அப்படியே கீழே இறங்கியது.

"அண்ணா, இதுதானுங்க லோடு!" என்றான் நவீன்குமார்.

"இது லோடா தம்பி? பொண்ணுக்குக் கொண்டு போறது" என்றபடி குப்பண்ணன் வண்டியைக் கிளப்பினார். "இனிமே அந்த மாப்ள கையில மட்டும் சாவியக் குடுக்கவே மாட்டேன்."