அய்யாவு வீட்டின் மேல் ஒரு கூரை

“இறக்குடா என் கூரைய!”

“நான் என்ன ஏறிப் போயி எடுத்துக்கிட்டு வந்தேனாக்கா? ஆகாசத்துலேருந்து வந்துச்சு. கடவுள் கொடுத்தது.”

“கடவுளுக்குக் கொடுக்கணும்னு இருந்தா புதுசா கொடுக்க மாட்டாரா? என் தலையில இருந்ததப் புடுங்கித்தான் உனக்குக் கொடுப்பாரா?”

சிங்கப்பூர் இன்சூரன்ஸ் கம்பெனியின் துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற மரியநாதனிடம் கேட்டார்.

“நலம் விசாரிக்கிறார்கள் துரை.”

சண்டை ஓயட்டும், மொத்தமாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான் மரியநாதன். கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தபின் அவனுக்கு இதுதான் முதல் வெளியூர் வேலை. இதில் துரைக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம்.

நடந்தது இதுதான். மலாயாவின் பெக்கோக் ரயில் நிலையத்தின் பின்புறச் சந்தில் பேச்சியம்மாள் சாப்பாட்டுக் கடை நடத்திவந்தாள். கடைக்கு இந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸும் எடுத்திருந்தாள். போன மாதம் ஒரு பேய்க்காற்று அடித்தது. முதலில் அது எதிர்வீட்டு அய்யாவுவின் கூரையிலிருந்த அத்தாப்பு ஓலைகளைப் பிய்த்து ஆற்றுப் பக்கம் வீசியது. பிறகு என்ன தோன்றியதோ, பேச்சியம்மாள் கடையின் தகரக் கூரையைச் சட்டத்தோடு தூக்கி, மொட்டைத் தலைக்குத் தொப்பி வைப்பதுபோல அய்யாவு வீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து பேச்சியம்மாள் குடைக்கு அடியில் சமைக்கிறாள். மழை வந்தால் குழம்பு ரசமாகிறது, ரசம் வெந்நீராகிறது. சாப்பிட வந்தவர்கள் எல்லாம் சீனர் கடைக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

அய்யாவுவோ கூரையைத் தர மாட்டேன் என்கிறான். உள்ளே அவன் மனைவி சந்திரமதி கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

துரை தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பெனியின் நியாயத்தை எடுத்துச் சொன்னார். மரியநாதன் அதைத் தமிழில் சொன்னான்.

அய்யாவு வீட்டின் மேல் இருப்பது பேச்சியம்மாளின் கூரைதான் என்றால், கூரை அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதை இறக்கிச் சந்தின் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூலி மட்டும் கம்பெனி கொடுக்கும். அது அவள் கூரை இல்லை என்றால், அவள் கூரை காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம். கம்பெனி புதுக் கூரையே போட்டுத் தரும்.



பேச்சியம்மாள் கூரையைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற சந்திரமதியைப் பார்த்தாள். திரும்பவும் கூரையைப் பார்த்தாள், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

“அலமாக்! இது யாரு வீட்டுக் கூரையோ! எனக்குக் கண்ணு சரியா தெரியல தம்பி.”

“அதைத்தானே அக்கா நான் ஒரு மாசமா சொல்றேன்!” என்றான் அய்யாவு. “ஏன் வெயில்ல நிக்கிறீங்க? வாங்க, வந்து புள்ளையப் பாருங்க.”

மரியநாதன் ஒரு கணம் யோசித்தான். அவன் மாதா கோயில் உபதேசியார் மகன். பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவன். ஆனால் பொய் அவளுடையது, ஆங்கிலம் மட்டும்தான் அவனுடையது. தபாலில் வருவதற்கெல்லாம் தபால்காரனையா பிடிக்கிறார்கள்? “தன் கூரை இல்லை என்கிறாள், துரை” என்று சொல்லிவிட்டான்.

துரை தலையாட்டினார். எதற்கும் மேலே இருந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அய்யாவு வீட்டுக்குப் பின்னால் இருந்த ரயில் மேட்டைக் காட்டினார்.

“வேணாம் துரை, அங்க ஒரே அட்டை!” என்று கத்தினாள் பேச்சியம்மாள்.

“பாம்பும் இருக்கு துரை!” என்றான் அய்யாவு.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம் லா!”

அட்டை, பாம்பு, தேத்தண்ணி மூன்றையும் மரியநாதன் வரிசையாக மொழிபெயர்த்தான். துரை தம் பூட்ஸைப் பெருமையாகக் காட்டிவிட்டு ஏறத் தொடங்கினார்.

மேட்டின் உச்சியில் காற்று சுகமாக வீசியது. கீழே அந்தக் கூரையின் மறுசரிவு முழுதாகத் தெரிந்தது. சந்தில் நின்று பார்ப்பவர்கள் கண்ணில் படாத சரிவு. தண்டவாளத்தைப் பார்த்த சரிவு.

ரயிலில் போகிறவர்களுக்காகப் பேச்சியம்மாள் அதில் எழுதி வைத்திருந்தாள். வெள்ளைச் சாயத்தில், ஆள் உயர எழுத்துகளில்.

பேச்சியம்மாள் சாப்பாட்டுக் கடை. மீன் குழம்பு உண்டு. இங்கே இறங்கவும்.

மரியநாதன் அதைப் படித்துவிட்டுக் கீழே பார்த்தான். வீட்டு ஓரத்தில் பேச்சியம்மாள், தோளில் சந்திரமதியின் குழந்தையோடு அண்ணாந்து நின்றாள். பக்கத்தில் அய்யாவு கும்பிட்டபடி நின்றான். இரண்டு பேரும் துரையைப் பார்க்கவில்லை.

துரை கைத்தடியை நீட்டி, எழுத்துகளை ஒவ்வொன்றாக ரசித்தார்.

“அழகாக இருக்கிறதே! என்ன எழுதியிருக்கிறது, மரியநாதன்? படித்துச் சொல்லேன்.”