கொஞ்சம் அட்ஜஸ்ட்

பாசஞ்சர் ரயிலின் சாமான் பலகையில் முதல் ஆளாக ஏறி, நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு டிபன் கேரியர். அதன் அடித்தட்டு நிறையச் சாம்பார்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு பெரிய சூட்கேஸ் ஏறியது. அதன் முதுகில் ஓர் ஆங்கில அகராதி சொகுசாகப் படுத்திருந்தது.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா” என்றது சூட்கேஸ். கேரியர் நகர்ந்தது. சூட்கேஸ் தன் சக்கரங்களை வசதியாக நீட்டிக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னது. கேரியர் இன்னும் நகர்ந்தது. சாம்பார் லேசாக வழிந்தது. “நாத்தம் தாங்கல. அதையும் அட்ஜஸ்ட் பண்ணு” என்றது சூட்கேஸ்.

இப்போது கேரியர் பலகையின் விளிம்பில் இருந்தது. நேர் கீழே ஒருவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது.

“ஐயா, அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?” என்று கேரியர் அகராதியிடம் கேட்டது.

அகராதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. “சரிசெய்வது, பொருத்துவது, இணங்கிப்போவது என்று நிறைய இருக்கிறது. மூலம் லத்தீன். ‘பக்கத்தில்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பின்னால் வந்தவர்கள் அது ‘நியாயம்’ என்ற சொல்லிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.”

“பக்கத்துல வந்தாச்சுங்க. நியாயம் எந்த ஸ்டேஷன்ல ஏறும்?”

அகராதி பதிலுக்குப் பக்கம் புரட்டியது. அதற்குள் சூட்கேஸ், “ஐயா, முதுகு வலிக்குது. நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றது.

அகராதி மறுபேச்சில்லாமல் இறங்கி வந்து கேரியரின் தலைமேல் உட்கார்ந்தது.

“உனக்குத்தான் பழகிப்போச்சே” என்றது.