ஞாயிற்றுக்கிழமை திரும்பிய வண்டி

வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் தமிழில் பேசியதும், வெளிநாடு வந்த கலக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியாருக்குப் பாதி உயிர் வந்தது. பாஸ்போர்ட், லைசென்ஸ், மூன்று நடை நடந்து வாங்கிய சர்வதேசப் பெர்மிட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் சரிபார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். வண்டியத் திருப்பிக் கொடுத்ததுக்கும் கையெழுத்து இருக்கு."

"இன்னும் எடுக்கவே இல்லையேம்மா."

தாளின் கீழ்ப்பாதி நிரம்பியிருந்தது. திரும்பிய நாள் வரும் ஞாயிறு. இன்றோ வெள்ளிக்கிழமை. கீறல் இல்லை. வண்டியில் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அடியில், வெளியே பெட்டிகளோடு காத்திருக்கும் அவர் மனைவியின் கையெழுத்து. கடைசி எழுத்தைச் சுழித்து மேலே இழுக்கும் அதே கையெழுத்து. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"வண்டியே வேணாம்மா. கேன்சல் பண்ணிடு."

அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "திரும்பி வந்துட்ட வண்டிய எப்படி சார் கேன்சல் பண்றது? சாவி வண்டியிலயே இருக்கு."

அவர் வெளியே ஓடினார். மனைவி அந்த வண்டியில், நம் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்டில் ஸ்டியரிங் அந்தப் பக்கம்.

"எறங்கு" என்றார்.

"இருங்க" என்று அவள் காலை நீட்டிப் பார்த்தாள். "எந்த வண்டியில உக்காந்தாலும் எனக்குக் கால் எட்டாது. இந்த சீட்ட யாரோ எனக்குன்னே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்குங்க."