ஒட்டகத்தின் மேல் முட்டாள்

முட்டாளுக்கு முகம் மட்டும் இன்னும் வரவில்லை.

மணல் முடிந்திருந்தது. ஒட்டகம் முடிந்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்து ஒருவன் மேற்கே கை நீட்டுகிறான். ஒட்டகம் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது.

கழுத்துக்கு மேலே வெறும் பென்சில் வட்டம்.

சென்னைப் பதிப்பகம் ஒன்று பாலைவனப் பயணத்தை வைத்து, குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு போடுகிறது. படம் வரையும் அவள் பங்குக்கு வந்தது ‘முட்டாள்’ சீட்டு. இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

மூன்று முகங்கள் வரைந்து பார்த்தாள். மூன்றும் புத்திசாலிகளாகவே வந்து தொலைத்தன.

நாலாவதற்குக் கை தானாக ஓடியது. அகன்ற நெற்றி. கறுப்புக் கண்ணாடி. எதற்கும் கலங்காத மீசை.

முடித்த பிறகுதான் பார்த்தாள்.

கட்டிய புருஷன்.

போன மார்கழியில் இருவரும் ஜெய்சல்மேர் பாலைவனத்துக்குப் போயிருந்தார்கள். ஒட்டகக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, “வழி எனக்குத் தெரியும்” என்று அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் மாரப்பன். அரை மணியில் போனில் சிக்னல் போயிற்று. ஒரு மணியில் வழி போயிற்று. அவர் கை காட்டிக்கொண்டே இருந்தார். ஒட்டகம் சட்டை செய்யவில்லை. தீவன நேரத்துக்குத் தானாகத் திரும்பி, அவர்கள் தங்கியிருந்த கூடாரத்து வாசலில் வந்து படுத்தது.

“பாத்தியா, கரெக்டா கொண்டாந்து சேத்துட்டேன்” என்று இறங்கினார்.

அந்த முகத்தை அழிக்க ரப்பரை எடுத்தாள்.

பின்னால் காபி வாசம்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

மாரப்பன் படத்தைப் பார்த்தார். கீழே ‘முட்டாள்’ என்று இருந்த பெயரைப் படித்தார். பதினோரு வருஷத்தில் அந்த மீசை தொங்கி அவள் பார்த்ததில்லை.

“ஏனம்மிணி” என்றார் கடைசியில். “ஒட்டகத்துல ரெண்டு பேருதான போனோம்?”

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காபி ஆறியது. ஏடு கட்டியது.

அவள் ரப்பரைக் கீழே போட்டாள். படத்தில் அவர் முதுகுக்குப் பின்னால், இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்ட ஒருத்தியை வரைந்தாள். வண்ணம் தீட்டி அனுப்பினாள்.

ஆறு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து போன்.

“சூப்பரா இருக்கு மேடம். ஆனா முட்டாள் எப்பவும் தனியாத்தான போவான்? பின்னாடி யாரு இந்த லேடி?”

கூடத்தில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அவர நம்பி ஏறுனவ.”