ஒரு தோட்டம் மட்டும்

எர்கெஷ் விட்ட உதையில் அந்த வெள்ளை மரப்பெட்டி குப்புற விழுந்தது. உள்ளே இருந்த வெப்பமானி கல்லில் பட்டு உடைந்தது.

"வெளிய வா, அனார்கான்! ஊர்ல இருக்கற கதவெல்லாம் தெரிஞ்சுது, என் வீட்டுக் கதவு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அனார்கான் வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் புகைக்கரி. கீழே கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் தாடை இறுகியது.

"எதுக்கு அத உதைக்கிற அண்ணே? குளிரக் கொண்டுவந்தது அந்தப் பெட்டியா?"

பள்ளத்தாக்கு நெடுக அவளைப்போல் ஏழெட்டுப் பேர் உண்டு. சம்பளம் கிடையாது. காலையும் மாலையும் குளிரை அளந்து, ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். இந்த வருடம் வசந்தப் பண்டிகையான நவ்ரூஸ் கழிந்தும் கோட்டைக் கழற்ற முடியாத குளிர். இடையில் நாலு நாள் அடித்த வெயிலை நம்பி ஆப்ரிகாட் மரங்களோ முன்னதாகவே பூத்துவிட்டன.

நேற்று பொழுது சாயும்போது, மேட்டு ஊரில் குளிர் அளப்பவர் போன் செய்தார். உறைபனி இறங்குகிறது, ஊரை உஷார்படுத்து என்றார். அனார்கான் வீடு வீடாக ஓடினாள். வைக்கோல், சாணம், பழைய டயர் என்று கிடைத்ததையெல்லாம் கொளுத்தி, பூ உறைந்துபோகாமல் இருக்க ஊரே விடியவிடியத் தோட்டங்களில் புகைபோட்டது.

பூக்கள் பிழைத்தன. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த எர்கெஷின் தோட்டம் ஒன்றுதான் வெந்நீர் ஊற்றினமாதிரி பழுத்துக் கருகி நின்றது.

சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. அனார்கானின் பக்கத்துத் தோட்டக்காரன் மமசாலி எர்கெஷின் தோளைப் பிடித்தான்.

"விடுப்பா. புகை வாடைகூடவா உனக்கு வரல?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. விருந்து முடிஞ்சு அசந்து தூங்கிட்டேன். ஆனா இவ முழிச்சுக்கிட்டுத்தான இருந்தா?" எர்கெஷ் பின்னால் நின்ற மனைவி பூர்மாகானைக் கைகாட்டினான். "பாத்திரமெல்லாம் கழுவி முடிச்சிட்டுத்தான் படுத்தா. யாராவது கதவத் தட்டியிருந்தா இவளுக்குக் கேட்டிருக்காதா?"

பூர்மாகான் தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அனார்கான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மறந்துட்டேன் அண்ணே. ஓடுற ஓட்டத்துல உங்க வீடு விட்டுப்போச்சு."

"மறந்துட்டியா? போன வருஷம் வாய்க்கால் தண்ணிக்குச் சண்ட போட்டமே, அது மறக்கலையே! பழி தீத்துக்கிட்ட!" எர்கெஷின் கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தப் பழத்த நம்பித்தான் எம்பொண்ணு பெகிமாய்க்குத் தேதி வச்சேன். பரீட்சை முடிஞ்ச கையோட கல்யாணம்னு நேத்துதான் பேசி முடிச்சோம். இனி சீருக்கு எங்க போவேன்? சீர் இல்லன்னா அவங்க வேற வீடு பாத்துப் போயிருவாங்க!"

"போனாப் போறான்," என்றான் மமசாலி. "ஸ்கூல்ல உன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவன்தான மாப்பிள்ள?"

யாரோ சிரித்தார்கள். எர்கெஷுக்கு வெறி தலைக்கேறியது.

"சிரிங்கடா! ரெண்டு லாரி வச்சிருக்கான், அதான் உங்களுக்கெல்லாம் வயிறு எரியுது. வேணும்னுதான் செஞ்சா இவ. ஊருக்குச் சேவை செய்யறாளாம், சேவை! இனிமே இந்த ஊர்ல இவ எதையும் அளக்கக் கூடாது. யாரும் இவ பேச்சக் கேக்கக் கூடாது!"

"நாக்க அடக்கிப் பேசு," என்றாள் அனார்கான். "மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அப்ப சத்தியம் பண்ணு!"

முற்றத்து மேசைமேல் இருந்த வட்ட ரொட்டியை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். கூட்டம் சட்டென்று அடங்கியது. ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"மறந்ததுதான், வன்மம் இல்லன்னு இதுமேல கை வச்சுச் சொல்லு. இப்பவே நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அனார்கான் கையைத் தூக்கினாள். ரொட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. விரல்கள் மடங்கின. தலை குனிந்தது.

"பாத்தீங்களா?" எர்கெஷ் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "பாத்துக்கங்க எல்லாரும்! பொய்க்காரி! என் குடும்பத்தக் கெடுத்த பொய்க்காரி!"

மமசாலிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேற்று அவள் சொன்னதால் பூவைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அவளைவிட்டு விலகி நின்றார்கள். அனார்கான் யாரையும் பார்க்காமல் குனிந்து, உடைந்த கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பூர்மாகான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கணவன் கையில் இருந்த ரொட்டிமேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அனார்கான் அக்கா வந்து தட்டுனாங்க. நான்தான் கதவத் தொறந்தேன். எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோகணும்னுதான் உங்கள எழுப்பல."