பல்லி சொன்ன கொலைகாரன்

துப்பறியும் தொடரில் டாக்டர் வரும்போதெல்லாம் டிவிக்கு மேலிருந்த பல்லி உச்சுக் கொட்டும். வீட்டார் தரையில் விரலைத் தட்டி, "பல்லியே சொல்லிடுச்சு, அவன்தான் கொலைகாரன்" என்பார்கள். நாலு வருடம் இப்படியே போனது.

கடைசி சீசனில் தோட்டக்காரன் கைதானான்.

பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிக்கத் தெரியாத பயலுக! நல்ல கதையை நாசம் பண்ணிட்டானுக!"

"முதல் வருசமே அவன் மண்வெட்டியில இருந்த ரத்தத்தைக் கழுவினானே அக்கா," என்றது கரப்பான்பூச்சி. "நீங்க டாக்டரையே முறைச்சுக்கிட்டிருந்தீங்க."

"வாயை மூடு! இனி என் பேச்சை எவன்டா நம்புவான்?"

மறுவாரம் தொடரை முதலிலிருந்து போட்டார்கள். டாக்டர் சிரித்தபடி வந்தார். பல்லி தொண்டை கிழிய உச்சுக் கொட்டியது.

ஒரு விரல்கூடத் தரையைத் தட்டவில்லை.