அம்மா கட்டிய பெல்ட்

"என் முதுகு ரிப்போர்ட்டைக் காட்டுங்க சார்."

வேலை போய்விடும், கேட்கவே கூடாது என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டது இதைத்தான். கேட்டுவிட்டேன்.

பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். போன மாதம் பெட்டிகள் சரிந்து முதுகெலும்பில் அடி. கம்பெனி லீவு தரவில்லை. தீம் பார்க்குக்கு இரண்டு டிக்கெட் தந்தது. கூடவே தந்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினால், முதுகு தேறிவிட்டதா என்று பெல்ட்டே சொல்லிவிடுமாம். அடிபட்டவளை ராட்டினத்துக்கு அனுப்புகிற அன்பை நான் நம்பவில்லை. காலையில் உள்ளே நுழைந்ததுமே பெல்ட்டை அம்மாவுக்குக் கட்டிவிட்டேன்.

"எனக்கெதுக்குடி இது?"

"கட்டிக்கம்மா. உன் முதுகை இதுவரைக்கும் எவன் விசாரிச்சான்?"

அம்மா இருபது வருடம் சித்தாள். குனிந்தால் எதையாவது பிடித்துத்தான் நிமிர்வாள். அன்று எதிலும் ஏறவில்லை. நிழலில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றாள்.

பார்க் வாசலில் கம்பெனி போட்டிருந்த கவுண்டரில் இருந்த முகுந்தன் வேண்டாவெறுப்பாகத் திரையைத் திருப்பினார்.

'ஒன்பது ராட்டினங்களில் மகிழ்ச்சியாக ஏறினார். முதுகெலும்பு பூரண நலம். நாளை முதல் பணிக்குத் தகுதி.'

"வாழ்த்துகள் மேடம். இங்க கைரேகை வைங்க."

"இது யார் முதுகு சார்?"

"உங்களோடதுதான்."

"அம்மா, முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கு."

அம்மாவின் இடுப்பில் பெல்ட்டின் பச்சை விளக்கு எரிந்தது. முகுந்தன் எழுந்தேவிட்டார்.

"மேடம், அது கம்பெனி சொத்து. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"கழட்டாதம்மா."

அம்மா மேசையைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தாள். "வீட்டுக்காடி?"

"லேபர் ஆபீசுக்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.